புதிய கைபேசியை உரியவரே ஆயத்தப்படுத்தட்டும்

சென்ற தீபாவளிக்குத் தஞ்சாவூர் சென்றிருந்தபோது என் தந்தையாருக்கு ஓர் ஆண்ட்ராய்டு கைபேசி வாங்கிக் கொடுத்தேன். அவருக்கு வயது 74. அதுவரை அவரிடம் இருந்தது பொத்தான் வைத்த பழைய கைபேசி. பெட்டியைப் பிரித்து அவர் கையில் வைத்தபோது, “எனக்கு என்னம்மா தெரியும், நீயே எல்லாம் போட்டுக் கொடுத்துடு” என்றார். மறுநாள் காலையில் நான் கோவைக்குத் திரும்பியாக வேண்டும். இருபது நிமிடங்களில் முடித்துவிட்டேன். மொழி ஆங்கிலம், கூகுள் கணக்கு என்னுடையது, பூட்டைத் திறக்கும் எண் நான் பிறந்த ஆண்டு. திரையில் ஒன்றன்பின் ஒன்றாக வந்த கேள்விகளில் ஒன்றைக்கூட அவரிடம் கேட்கவில்லை. மருந்து வேளையை நினைவூட்டும் செயலி ஒன்றையும் நிறுவி, நல்ல மகளாக நடந்துகொண்டோம் என்ற நிறைவோடு பேருந்து ஏறினேன்.

ஆறு வாரங்கள் சென்றன. என் தந்தையார் இன்சுலின் போட்டுக்கொள்பவர். இதயத் துடிப்பு ஒழுங்கற்றிருப்பதால் இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரையும் உட்கொள்பவர். அன்று காலை ஊசி போட்டுக்கொண்டு, சிற்றுண்டி உண்ணாமலே காய்கறி வாங்கச் சென்றிருக்கிறார். கடைத்தெருவில் உடல் வியர்த்து, தள்ளாடி, நடைமேடை விளிம்பில் தலை மோத விழுந்தார். கடைக்காரர்கள் 108-ஐ அழைத்துவிட்டு, வீட்டாருக்குத் தெரிவிக்கலாம் என்று அவருடைய சட்டைப் பையிலிருந்த கைபேசியை எடுத்தார்கள். அது எண்ணைக் கேட்டது. அந்த எண் அங்கிருந்த எவருக்கும் தெரியாது. நல்ல நினைவோடு இருக்கும் நாள்களிலேயே தந்தையாருக்கு அது தடுமாறும். அது அவர் தேர்ந்தெடுத்த எண் அன்று.

மருத்துவமனையில் இரத்தச் சர்க்கரை 41 மில்லிகிராம் எனக் கண்டு உடனே குளுக்கோஸ் ஏற்றினார்கள். சர்க்கரையைக் கண்டறிவது எளிது. மயங்கி வருகிற எவருக்கும் முதலில் செய்யும் சோதனை அதுதான். ஆனால், தலையில் அடிபட்ட ஒருவர் இரத்தம் உறையாமைக்கான மாத்திரை உண்பவர் என்பதை அவர் முகத்தைப் பார்த்து எவரும் அறிய முடியாது. அச்செய்தி தெரிந்தால் தலையை ஸ்கேன் எடுப்பதில் ஒரு கணமும் தயங்கமாட்டோம். கசிவு இருந்தால் அந்த மருந்தின் வேகத்தை முறிக்க வேண்டிய ஏற்பாட்டையும் உடனே தொடங்குவோம். அந்தச் செய்தியை அன்று தெரிவித்தது, அவருடைய மஞ்சள் பையில் நான்காக மடித்து வைத்திருந்த, ஓரம் கிழிந்த பழைய மருந்துச் சீட்டு. ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய கைபேசி வாய் திறக்கவில்லை. நல்வாய்ப்பாக இரத்தக் கசிவு இல்லை. எனக்குச் செய்தி கிடைத்தபோது மூன்று மணி நேரம் கழிந்திருந்தது.

அன்று இரவு, அவர் உறங்கிய பின், அந்தக் கைபேசியைத் திறந்து பார்த்தேன். நான் நிறுவிய நினைவூட்டும் செயலி ஆறு வாரங்களில் ஒருமுறைகூட ஒலித்திருக்கவில்லை. அறிவிப்புகளை அனுப்பலாமா என்று அது முதல் நாள் கேட்டபோது, அவசரத்தில் ‘வேண்டாம்’ என்பதைத் தொட்டவள் நான்தான். ஒலிக்க வேண்டும் என்பதே தந்தையாருக்குத் தெரியாததால், ஒலிக்கவில்லை என்று அவர் என்னிடம் சொல்லவும் இல்லை.

இதை இவ்விதழில் எழுதக் காரணம் உண்டு. நான் சந்திக்கும் நோயாளர்களில் பெரும்பாலோரின் கைபேசியும் இவ்வாறே ஆயத்தப்படுத்தப்பட்டிருக்கிறது. மகனோ பேத்தியோ கால் மணி நேரத்தில் முடித்துக் கொடுத்த கைபேசி அது. அதை வைத்திருப்பவர், இரவல் வாங்கிய பொருளைப் போல அஞ்சி அஞ்சித் தொடுகிறார். பிள்ளைகளின் அன்பில் எனக்கு ஐயமில்லை. ஆனால் புதிய கைபேசியை முதன்முறை ஆயத்தப்படுத்தும் அந்த ஒரு மணி நேரம் உரியவருடையது. அதை அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. நாள்பட்ட நோய் உடையவராயின், அதை மருத்துவம் சார்ந்த செயலாகவே கருத வேண்டும்.

எங்கள் பிரிவில் இன்சுலினைப் புதிதாகத் தொடங்கும் ஒருவரை எப்படி வீட்டுக்கு அனுப்புகிறோம் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். செவிலியர் போட்டுக் காட்டுவதோடு நிறுத்துவதில்லை. நோயாளரே பேனாவில் அளவைத் திருப்பி, தாமே ஊசியைச் செலுத்தி, பத்து எண்ணி, வெளியே எடுத்துக் காட்ட வேண்டும். அவர் தவறு செய்வதைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் செவிலியரின் திறமை. மூச்சுக்குழல் மருந்தை உறிஞ்சும் முறைக்கும் இதுவே விதி. பிறர் செய்ததைப் பார்த்துத் தலையசைத்தவருக்கு, மூன்றாம் நாள் இரவில் தனியே இருக்கும்போது கை ஓடுவதில்லை. கைபேசிக்கு மட்டும் இவ்விதி பொருந்தாதா?

எனவே பெட்டியைப் பிரித்தவுடன் கைபேசியைப் பெரியவர் கையிலேயே கொடுங்கள். நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். உங்கள் விரல் திரையைத் தொட வேண்டாம். முதலில் வரும் திரை மொழியைக் கேட்கும். தமிழ் அப்பட்டியலில் இருக்கிறது. நம்மவர் பலர் அதைக் கடந்து ஆங்கிலத்திலேயே நின்றுவிடுகிறார்கள். தமிழ் இடைமுகத்தில் சில சொற்கள் செயற்கையாக இருப்பது உண்மைதான். ஆயினும், வாசித்துப் பொருள் கொள்ளக்கூடிய எச்சரிக்கைக்கும், புரியாமல் ‘சரி’ என்று தொட்டுக் கடந்துவிடும் எச்சரிக்கைக்கும் உள்ள வேறுபாடு பெரிது. எந்த மொழி என்பதை அவர் சொல்லட்டும்.

எழுத்தின் அளவை மாற்றும் வசதி அடுத்துக் கவனிக்க வேண்டியது. எழுத்தைப் பெரிதாக்குவது ஒன்று. திரையிலுள்ள படங்களையும் பொத்தான்களையும் சேர்த்துப் பெரிதாக்குவது மற்றொன்று. அமைப்புகளில் இரண்டும் தனித்தனியே உள்ளன. இங்கு மருத்துவராக ஒரு குறிப்பு. சர்க்கரை மிகுந்திருக்கும் நாள்களில் கண்ணின் வில்லை நீரை உறிஞ்சி உப்புவதால் பார்வை மங்கலாகும். சர்க்கரை கட்டுக்குள் வந்து சில வாரங்களில் அது மீண்டும் மாறும். அதனால்தான் அந்நிலையில் புதிய மூக்குக் கண்ணாடி வாங்க வேண்டாம் என்று சொல்கிறோம். இன்று பொருத்தமாக வைத்த எழுத்தளவு அடுத்த மாதம் பொருந்தாமல் போகலாம். கண்புரை அறுவைக்குப் பின்னும் அப்படியே. மாற்றும் இடம் எங்கே இருக்கிறது என்று அவருக்கே தெரிந்திருந்தால், அதற்காக அமெரிக்காவிலிருக்கும் மகனுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

கை நடுக்கம் உடையவர்கள் திரை தங்கள் பேச்சைக் கேட்பதில்லை என்று வருந்துவார்கள். அணுகல்தன்மைப் பகுதியில், தொட்டு அழுத்திப் பிடிக்கும் நேரத்தைக் கூட்டிவைக்க இடமுண்டு. ஒரு நிமிட வேலை. விரல்ரேகையால் பூட்டைத் திறக்கும் வசதியை மட்டும் நம்பவும் கூடாது. முதுமையிலும் கடின உழைப்பிலும் ரேகைகள் தேய்கின்றன. புற்றுநோய்க்குத் தரப்படும் கேப்சிடபின் என்ற மாத்திரை சிலருக்கு உள்ளங்கையையும் பாதங்களையும் உரியச் செய்து, விரல்ரேகையையே அழித்துவிடுகிறது. அம்மருந்தைத் தொடங்கவிருப்பவர்கள் நினைவில் நிற்கும் ஓர் எண்ணை இப்போதே அமைத்துக்கொள்வது நல்லது. எண்ணை அவரே தேர்ந்தெடுக்கட்டும். பிள்ளைகளின் பிறந்த ஆண்டைவிட, தாம் முதன்முதலில் வேலையில் சேர்ந்த நாள் பெரியவர்களுக்கு நன்றாக நினைவிருக்கிறது என்பது நான் கண்டது.

இனி, நான் தவறிய இடத்துக்கு வருகிறேன். 2022-இல் வந்த ஆண்ட்ராய்டு 13 முதல், புதிதாக நிறுவப்படும் செயலி அறிவிப்புகளை அனுப்ப உங்கள் அனுமதியைக் கேட்டுப் பெற வேண்டும். தேவையற்ற விளம்பர அறிவிப்புகளைத் தடுக்க இது நல்ல ஏற்பாடு. ஆனால் மருந்துச் செயலிக்கும் இதே கேள்விதான் வருகிறது. ‘வேண்டாம்’ என்று தொட்டால் அது அன்றோடு ஊமை. அனுமதி கொடுத்தாலும் இடர் தீர்ந்துவிடவில்லை. மின்கலத்தைச் சேமிக்கும் பொருட்டு, பின்னணியில் ஓடும் செயலிகளைக் கைபேசி உறங்க வைக்கிறது. சில கைபேசிகளில் இது மிகக் கடுமையாக நிகழ்கிறது. பல மாதங்கள் திறக்கப்படாத செயலிக்குக் கொடுத்த அனுமதிகளை ஆண்ட்ராய்டு தானாகவே திரும்பப் பெற்றுக்கொள்வதும் உண்டு. மருந்துச் செயலிக்கும், உடல்நலம் சார்ந்த பிற செயலிகளுக்கும், மின்கலப் பயன்பாட்டில் கட்டுப்பாடு இல்லை என்று தனியே அமைக்க வேண்டும்.

இது சிறு விஷயமன்று. சர்க்கரை அளவைத் தொடர்ந்து கண்காணிக்கத் தோலில் உணரி ஒட்டிக்கொள்பவர்கள் இப்போது நம் ஊர்களிலும் பெருகிவருகிறார்கள். சர்க்கரை தாழ்ந்தால் எச்சரிக்கை ஒலி எழுப்ப வேண்டியது அவர்களுடைய கைபேசிதான். கைபேசியின் அமைப்புகளால் இத்தகைய எச்சரிக்கைகள் ஒலிக்காமல் போயின என்றும், அதனால் கடும் தாழ்சர்க்கரையும் உயிரிழப்பும் நேர்ந்ததாகப் புகார்கள் வந்துள்ளன என்றும் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2025 பிப்ரவரியில் பொதுமக்களுக்கு எச்சரிக்கை விடுத்தது. புதிய கைபேசிக்கு மாறும்போதும், மென்பொருள் புதுப்பிக்கப்பட்ட பின்னும், புதிய செவிப்பொறியையோ காரின் ஒலிபெருக்கியையோ இணைக்கும்போதும் எச்சரிக்கை ஒலி வருகிறதா என்று சோதித்துக்கொள்ள வேண்டும். உணரி அணிந்து வரும் என் நோயாளர்களிடம் இப்போதெல்லாம் சர்க்கரைப் பட்டியலைப் பார்ப்பதற்கு முன், “கடைசியாக எப்போது ஒலித்தது?” என்று கேட்கிறேன்.

வெறும் மாத்திரை நினைவூட்டலுக்கு என்றால், எனக்குத் தனிச் செயலிகளில் பெரிய நாட்டமில்லை. கைபேசியோடு வரும் கடிகாரத்தில் அலாரம் வைத்தாலே போதும். அழைப்பு ஒலியை அடக்கி வைத்திருந்தாலும் அலாரம் ஒலிக்கும். ‘தொந்தரவு செய்யாதே’ என்ற நிலையிலும், வேறுவிதமாக மாற்றாதவரை, ஒலிக்கும். அலாரத்துக்கான ஒலியளவு தனியே இருக்கிறது என்பதை மட்டும் காட்டிக் கொடுங்கள். ஒவ்வோர் அலாரத்துக்கும் பெயர் எழுத இடமுண்டு. ‘இரவு 8, வெள்ளை மாத்திரை, சாப்பாட்டுக்குப் பின்’ என்று அவரே எழுதலாம். தட்டச்சு வராவிட்டால் ஒலிவாங்கிப் படத்தைத் தொட்டுத் தமிழில் பேசினால் எழுத்தாகும்.

அடுத்து, பூட்டிய திரை. அமைப்புகளில் பாதுகாப்பு, அவசரநிலை என்ற பொருளில் ஒரு பகுதி இருக்கும். அங்கே நோய், மருந்து, ஒவ்வாமை ஆகியவற்றை எழுதிவைக்கலாம். அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்களையும் குறிக்கலாம். பூட்டியிருக்கும்போதும் காட்டலாம் என்று அனுமதித்துவிட்டால், எண் தெரியாத எவரும் பூட்டுத் திரையில் அவசர அழைப்பைத் தொட்டு இவற்றைப் பார்க்க இயலும்; 112-ஐயும் அங்கிருந்தே அழைக்க இயலும். எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கைபேசியோடும், பெயர் தெரியாமலும் வருகிறவர்கள் உண்டு. மயங்கிக் கிடக்கும் ஒருவரின் விரலை எடுத்து அவருடைய கைபேசியில் வைத்துத் திறக்கலாமா என்ற கேள்வி எங்களுக்குள் எழும். எனக்கு அது உடன்பாடில்லை. அவரே முன்கூட்டி எழுதிவைத்திருந்தால் அந்தச் சங்கடமே இல்லை.

என்ன எழுதுவது என்பதில் ஒரு தவறு பரவலாக நடக்கிறது. இரத்தப் பிரிவை மட்டும் எழுதி நிறுத்திவிடுகிறார்கள். எங்களுக்கு அது மிகக் குறைவாகவே பயன்படும். எவர் என்ன எழுதிவைத்திருந்தாலும் நாங்கள் சோதித்துப் பொருத்தம் பார்க்காமல் இரத்தம் ஏற்றமாட்டோம். எங்களுக்கு வேண்டியவை வேறு: இன்சுலின் போடுகிறாரா, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை எது, ஸ்டீராய்டு நெடுநாளாக உண்கிறாரா, பெனிசிலின் போன்று ஒவ்வாத மருந்து உண்டா, இதயத்தில் பேஸ்மேக்கர் இருக்கிறதா, டயாலிசிசுக்காக எந்தக் கையில் இரத்தக்குழாய் இணைப்பு செய்திருக்கிறார்கள், வலிப்பு நோய் உண்டா. மருந்து மாறும் ஒவ்வொரு முறையும் இதையும் மாற்ற வேண்டும். வீடு திரும்பும் நாளில், சீட்டைப் பெற்றுக்கொண்டு மருந்தகத்தில் காத்திருக்கும் நேரத்திலேயே இதைச் செய்துவிடலாம்.

மின்பொத்தானைத் தொடர்ந்து அழுத்தி உதவி கோரும் வசதி பெரும்பாலான புதிய கைபேசிகளில் இருக்கிறது. எத்தனை முறை அழுத்த வேண்டும் என்பது கைபேசிக்குக் கைபேசி மாறுபடும். தவறி அழுத்திவிட்டால் அழைப்பை நிறுத்துவது எப்படி என்பதையும் உடன் சொல்லிக் கொடுங்கள். இல்லையெனில் ஒருமுறை பதறியவர் பிறகு அந்தப் பொத்தானையே தொடமாட்டார்.

கணக்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பெற்றோரின் கைபேசியில் பிள்ளைகள் தம் கூகுள் கணக்கையே போட்டுவிடுகிறார்கள். புதிதாக ஒன்று தொடங்குவது சிரமம் என்பதால் அன்றி, தீய எண்ணம் ஏதுமில்லை. என்னிடம் வரும் ஓர் அம்மையாருக்கு மார்பில் கட்டி இருந்தது. திசுச் சோதனை முடிவைக் கையில் பெற்றவர், இளைய மகளின் திருமணம் முடியும்வரை வீட்டில் சொல்வதில்லை என்று தீர்மானித்தார். சிகிச்சையைத் தள்ளிப்போடாமல் தொடங்கவும் இசைந்தார். அறிக்கையை இழந்துவிடக் கூடாதே என்று கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டார். அன்று மாலையே அப்படம் பெங்களூரிலிருக்கும் மகனின் கைபேசியில் தோன்றியது. இருவருக்கும் ஒரே கணக்கு. படங்கள் தாமாகவே அதில் சேமிக்கப்படும் வகையில் அமைத்திருந்தார்கள். குடும்பத்தார் நோயாளரிடம் உண்மையை மறைக்கச் சொல்லி எங்களிடம் வருவது வழக்கம். அதைப் பற்றித் தனியே எழுத வேண்டும். இங்கு நோயாளர் தாமே எடுத்த ஒரு முடிவை, அவர் அறியாத ஓர் அமைப்பு குலைத்துவிட்டது. அவர் என்னிடம் வருந்தியது நோயைக் குறித்து அன்று. “என் வாயால் சொல்ல விடவில்லையே, டாக்டர்” என்பதே அவருடைய குறை.

ஆகவே கணக்கு அவர் பெயரில் இருக்கட்டும். கடவுச்சொல்லை அவரே ஒரு தாளில் எழுதி, பத்திரங்கள் வைக்கும் பெட்டியில் வைக்கட்டும். பாதுகாப்பு வல்லுநர்கள் இதற்கு முகம் சுளிக்கலாம். வீட்டுப் பெட்டியிலுள்ள தாளைவிட, பலர் கைக்கும் மாறும் வாட்ஸ்அப் செய்திதான் என்னை அச்சுறுத்துகிறது.

இவ்வளவையும் கேட்டபின் பிள்ளைகள் எழுப்பும் மறுப்பு நியாயமானது. “அவர்களிடம் எல்லாவற்றையும் விட்டால், எவனாவது போலீஸ் என்று சொல்லிப் பேசிச் சேமிப்பு முழுவதையும் எடுத்துவிடுவான்.” உண்மை, படித்தவர்களும் ஏமாந்திருக்கிறார்கள். பணம் போய்விட்டால் உடனே 1930-ஐ அழைக்க வேண்டும் என்பதை எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். ஆனால் தன் கைபேசியில் எது எங்கே இருக்கிறது என்று அறியாதவரைத்தான் ஏமாற்றுவது எளிது. அவர் எந்தக் கட்டளைக்கும் பணிந்து தொடுவார். ஏனெனில் முதல் நாளிலிருந்தே, பிறர் சொல்லத் தொடுவதாகத்தான் அவர் பழகியிருக்கிறார். நினைவாற்றல் குறைந்துவரும் நோயாளர்களின் நிலை வேறு. அவர்களுக்கு, குடும்பத்தார் பொறுப்பேற்று, தேவையான நான்கைந்து எண்களை மட்டும் முகப்பில் படத்தோடு வைத்துக் கொடுப்பதே சரி. அந்த முடிவையும் மருத்துவரோடு கலந்து எடுங்கள். வயதை மட்டும் பார்த்து எடுக்காதீர்கள்.

பொங்கலுக்கு மீண்டும் தஞ்சாவூர் சென்றேன். அந்தக் கைபேசியில் இருந்த அனைத்தையும் அழித்து, பெட்டியிலிருந்து எடுத்த நிலைக்குக் கொண்டுவந்து தந்தையாரிடம் கொடுத்தேன். இரண்டு பிற்பகல்கள் ஆயின. தவறான எழுத்தை அவர் அழித்து அழித்து எழுதியபோது என் கை பலமுறை திரையை நோக்கி நீண்டது; உள்ளங்கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று சொன்னால் நம்புவீர்களா என்று தெரியவில்லை. தமிழைத் தேர்ந்தெடுத்தார். எழுத்தை நான் நினைத்ததைவிடச் சிறியதாகவே வைத்துக்கொண்டார். மருந்துகளின் பெயர்களைச் சீட்டைப் பார்த்து ஒவ்வொன்றாக எழுதினார்.

அவசரத்துக்கு முதலில் யாரை அழைக்க வேண்டும் என்று கைபேசி கேட்டது. என் பெயரை எழுதுவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுக்காரரின் எண்ணை எழுதினார். நான் ஏதும் கேட்கவில்லை, அவரே நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: “நீ கோயமுத்தூர்லேர்ந்து வர அஞ்சு மணி நேரம் ஆகும்மா. அவர் வாசலைத் தாண்டினா வந்துடுவார். உன்னை ரெண்டாவதா போட்டிருக்கேன்.”